ஓ.எஃப்.டி.எம். சிக்னலின் உச்சத்தைக் குறைக்க எந்த முறை? – ஓர் ஒப்பீடு

தனியார் வலையமைப்புகளுக்கான சிறிய அடிநிலையக் (பேஸ் ஸ்டேஷன்) கருவியை உருவாக்கிக்கொண்டிருக்கும் பொறியாளர் ஒருவரும், மென்பொருள் ரேடியோ பலகைகளை வைத்து இறுதியாண்டுத் திட்டம் செய்யும் மாணவி ஒருவரும் சில வார இடைவெளியில் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள். தரவைப் பல சிறு ஊர்தி அலைகளில் (சப்கேரியர்களில்) பிரித்து, அவற்றைச் சேர்த்து அனுப்பும் ஓ.எஃப்.டி.எம். சிக்னலில் எழும் திறன் உச்சங்களைக் குறைக்கப் பாடநூல்களில் ஆறேழு முறைகள் இருக்கின்றன. அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? மாணவி ஒரு வரைபடத்தையும் அனுப்பியிருந்தார். ஆறு முறைகளுக்கு ஆறு வளைகோடுகள்; கிடைமட்ட அச்சில் உச்சத்தின் அளவு, டெசிபெலில். எது மிகவும் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறதோ அதுவே சிறந்தது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

அந்த முடிவுதான் என்னை இதை எழுத வைத்தது. இடப்பக்கம் நகரும் ஒவ்வொரு டெசிபெலுக்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள். பரப்பியின் கணக்கீட்டுச் சுமையாகவோ, ஏற்பியின் கூடுதல் வேலையாகவோ, இழந்த பட்டை அகலமாகவோ, சிக்னலில் கலந்த பிழையாகவோ அந்த விலை வந்து சேர்கிறது. உங்கள் அமைப்பில் அதை யாரால் தாங்க முடியும் என்பதே தேர்வைத் தீர்மானிக்கிறது; வளைகோடு அதைக் காட்டுவதில்லை.

## உச்சம் எங்கிருந்து வருகிறது

நான்கே நான்கு சப்கேரியர்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் +1 அல்லது −1 என்ற மதிப்பைச் சுமக்கிறது. நான்கிலும் +1 இருந்தால் ஒரு கணத்தில் நான்கு அலைகளின் முகடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்துவிடும். அப்போது வீச்சு 4, உடனடித் திறன் 16, சராசரித் திறனோ 4தான். ஆக உச்சம் சராசரியைப் போல் 4 மடங்கு, அதாவது 6 டெசிபெல். இப்போது நான்காவது சப்கேரியரை மட்டும் −1 ஆக்கிப் பாருங்கள்: உச்ச விகிதம் 1.77 மடங்குக்கு, அதாவது 2.5 டெசிபெலுக்கு இறங்கிவிடுகிறது. ஆற்றல் மாறவில்லை, சப்கேரியர்களும் மாறவில்லை, ஒரே ஒரு குறி மட்டும் மாறியிருக்கிறது.

சப்கேரியர்கள் 256 ஆனால் மிக மோசமான நிலையில் உச்சம் 24 டெசிபெல் வரை போகலாம். ஆனால் அத்தகைய சிம்பல் (எல்லா சப்கேரியர்களும் ஒரே நேரத்தில் சுமக்கும் ஒரு தொகுதித் தரவு) வாழ்நாளில் ஒருமுறைகூட வராது என்றே சொல்லலாம். ஆயிரம் சிம்பல்களில் ஒன்று மட்டும் தாண்டும் எல்லையை நிகழ்தகவு வழியாகக் கணக்கிட்டால் 256 சப்கேரியர்களுக்கு ஏறத்தாழ 11 டெசிபெல், 2048க்கு 11.6 டெசிபெல் என்று வருகிறது. எண்ணிக்கை எட்டு மடங்கு உயர்ந்தும் எல்லை அரை டெசிபெல்லுக்குச் சற்று மேல்தான் ஏறுகிறது. நாம் போராட வேண்டியது இந்த 11 டெசிபெலோடுதான்.

இதற்கான விலையைத் திறன் பெருக்கி கட்டுகிறது. சராசரியாக 40 வாட் அனுப்ப வேண்டிய ஒரு பாதையில் 10 டெசிபெல் உச்சத்துக்கு இடம்விட்டால், பெருக்கி 400 வாட் உச்சத்தைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். பி வகுப்புப் பெருக்கியின் பயனுறுதிறன் முழு வெளியீட்டில் கோட்பாட்டளவில் 78.5 விழுக்காடு, 10 டெசிபெல் கீழே ஓட்டும்போது அது 25 விழுக்காட்டுக்குச் சரிகிறது, ஆகவே 40 வாட்டுக்கு 161 வாட் உள்ளே போகிறது. உச்சத்தை 7 டெசிபெலாகக் குறைத்தால் 200 வாட் பெருக்கியே போதும், உள்ளே போவதும் 114 வாட்டாகக் குறைகிறது. ஒரே பாதையில், இடைவிடாமல் ஓடினால், ஆண்டுக்கு 400 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் மிச்சம். அந்த அளவு வெப்பத்தை வெளியேற்றும் வேலையும் மிச்சம். 1936இல் வில்லியம் டோஹர்ட்டி உருவாக்கிய இரட்டைப் பெருக்கி அமைப்பு இன்று அடிநிலையங்களில் பரவலாக இருப்பதற்கும் காரணம் இதுதான்: அது 6 டெசிபெல் கீழே ஓடும்போதும் பயனுறுதிறனை உயர்வாக வைத்திருக்கிறது. ஆனால் அதற்கும் கீழே போக வேண்டியிருந்தால் அதுவும் சரிகிறது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, ஏற்பி உங்கள் கையில் இருக்கிறதா என்பது. சந்தையில் ஏற்கெனவே உள்ள கைப்பேசிக்கோ தொலைக்காட்சிக்கோ அனுப்புகிறீர்கள் என்றால், ஏற்பியிடம் புதிதாக எதையும் எதிர்பார்க்கும் முறைகள் அனைத்தும் அந்த இடத்திலேயே விலகிவிடும். என் அனுபவத்தில், பாதிக்கு மேற்பட்ட தேர்வுகள் இந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துவிடுகின்றன.

இரண்டாவது, பிழை இருப்பு. அனுப்பும் சிக்னல் சரியான வடிவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும், இ.வி.எம். எனப்படும் பிழை அளவுக்குச் செல்பேசித் தரநிலைகள் அடிநிலையத்துக்கு விதிக்கும் உச்சவரம்பு க்யூ.பி.எஸ்.கே.வுக்கு 17.5 விழுக்காடு, 16-க்வாமுக்கு 12.5, 64-க்வாமுக்கு 8, 256-க்வாமுக்கு 3.5. (ஒரு சப்கேரியர் ஒரு முறையில் எத்தனை மதிப்புகளில் ஒன்றைச் சுமக்கிறது என்பதே இவற்றின் வேறுபாடு: க்யூ.பி.எஸ்.கே.யில் நான்கில் ஒன்று, 256-க்வாமில் 256இல் ஒன்று.) இதை முழுவதும் உச்சக் குறைப்புக்கே செலவிட முடியாது; அலைவியின் கட்ட (ஃபேஸ்) இரைச்சலும் பெருக்கியின் எஞ்சிய வளைவும் தங்கள் பங்கைக் கேட்கும். அண்டை அலைவரிசைக்குக் கசியும் திறனுக்கு அடிநிலையத்தில் 45 டெசிபெல் என்ற தனிக் கட்டுப்பாடும் இருக்கிறது.

மூன்றாவது, பட்டை அகலத்தில் எவ்வளவை விட்டுக்கொடுக்க முடியும் என்பது. நான்காவது, கணக்கீட்டுச் சுமையும் அது சேர்க்கும் தாமதமும். ஐந்தாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: உச்சம் உருவாகும் இடத்துக்கு முன்னால் இந்த முறை வேலை செய்கிறதா, பின்னால் வேலை செய்கிறதா? ஒரே பெருக்கி வழியாக 4ஜி, 5ஜி என இரண்டு சிக்னல்கள் போகும்போது, தனித்தனியே இரண்டின் உச்சத்தையும் குறைத்து வைத்தாலும் கூட்டிய பிறகு உச்சம் மீண்டும் எழுந்துவிடும்.

ஒப்பிடுவதற்கு முன் அளவீட்டைச் சரிசெய்துகொள்ள வேண்டும். சிக்னலை அதன் அடிப்படைக் கூறு (சாம்பிள்) வீதத்திலேயே அளந்தால், இரண்டு கூறுகளுக்கு நடுவே எழும் உச்சங்கள் கண்ணில் படாமல் போகும். அனலாக் பக்கத்தில் பெருக்கி அவற்றைப் பார்க்கத்தான் செய்யும். நான்கு மடங்கு வீதத்தில் அளப்பது வழக்கம். மாணவியின் வரைபடத்தில் இது செய்யப்படவில்லை.

## கிளிப்பிங்: நேராக வெட்டுவது

எல்லையைத் தாண்டும் வீச்சை அந்த எல்லையிலேயே வெட்டிவிட்டு, அலையின் சுழற்சி நிலையான கட்டத்தை அப்படியே விட்டுவிடுவது. ஏற்பிக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை, பட்டை அகலமும் போகவில்லை. பாடநூல்களில் இதை ஒரு கரடுமுரடான வழியாக முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் அடிநிலையங்களில் உண்மையில் ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதன் செம்மைப்படுத்திய வடிவங்கள்தான்.

அது சேர்க்கும் பிழையைக் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். சப்கேரியர்கள் அதிகமாக இருக்கும்போது சிக்னல் காஸியன் இரைச்சலைப் போல நடந்துகொள்வதால் கணக்கு எளிது. சராசரிக்கு மேல் 7 டெசிபெலில் வெட்டினால் ஏறத்தாழ 2.3 விழுக்காடு பிழை. 6 டெசிபெலில் 4.1, 5 டெசிபெலில் 6.7. இந்த எண்களை மேலே சொன்ன உச்சவரம்புகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தேர்வு தானாகவே தெளிகிறது. 256-க்வாம் அனுப்பும்போது 7க்குக் கீழே இறங்குவது ஆபத்து, க்யூ.பி.எஸ்.கே. மட்டும் என்றால் 5இல் வெட்டினாலும் தாராளமாக இடம் மிஞ்சும்.

முதலில் தெரியாத செலவு, வெட்டிய இடத்திலிருந்து பக்கத்து அலைவரிசைக்குத் தெறிக்கும் திறன். ஆய்வகத்தில் அலைமாலைக் காட்டியின் (ஸ்பெக்ட்ரம் அனலைசர்) முன் அமர்ந்து வெட்டும் எல்லையை 8இலிருந்து 6க்கு மெல்ல இறக்கும்போது, மேசைபோல் சமமாக நிற்கும் சிக்னலின் இரு பக்கங்களிலும் தோள்கள் எழுந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். அதை வடிகட்டியால் அடக்கினால், வடிகட்டி உச்சத்தை மீண்டும் ஒன்று, ஒன்றரை டெசிபெல் வளர்த்துவிடுகிறது. வெட்டு, வடிகட்டு, மறுபடி வெட்டு என்று மூன்று நான்கு சுற்றுகள் ஓட்ட வேண்டியிருப்பது இதனால்தான். வடிகட்டிய வடிவில் முன்கூட்டியே ஆக்கி வைத்த ஒரு துடிப்பை, உச்சம் வரும் இடத்தில் கழிப்பது இதைவிடச் சீரான வழி. அதில் தெறிப்பு முதலிலேயே கட்டுக்குள் இருக்கிறது.

இன்னொன்றைச் சேர்த்தே யோசிக்க வேண்டும். பெருக்கியின் வளைவை நேராக்கும் டிஜிட்டல் முன்திருத்தம் உங்கள் அமைப்பில் இருந்தால், உச்சக் குறைப்பு அதற்கு முன்னால்தான் வர வேண்டும். செறிவுநிலையை எட்டிவிட்ட பெருக்கியிடமிருந்து எந்தத் திருத்தமும் கூடுதல் திறனைக் கறக்க முடியாது.

## எஸ்.எல்.எம்., பி.டி.எஸ்.: பலவற்றில் ஒன்றைப் பொறுக்குவது

எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் ஹூபரும் அவருடைய குழுவினரும் 1996, 1997 ஆண்டுகளில் முன்வைத்த இரு முறைகள் இவை. எஸ்.எல்.எம். முறையில் ஒரே தரவை வெவ்வேறு கட்டத் தொடர்களால் பெருக்கிப் பல சிம்பல்களை உருவாக்கி, அவற்றுள் உச்சம் குறைந்ததை அனுப்புகிறோம். பி.டி.எஸ். முறையில் சப்கேரியர்களைச் சில தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியையும் வெவ்வேறு கட்டத்துக்குச் சுழற்றிக் கூட்டி, நல்ல சேர்க்கையைத் தேடுகிறோம். சிக்னலில் எந்தத் திரிபும் கலப்பதில்லை என்பது இரண்டுக்கும் உள்ள உண்மையான பெருமை.

ஆனால் பலன் சீக்கிரமே தேய்கிறது. 256 சப்கேரியர்களுக்கு, ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில், 4 சிம்பல்களை ஒப்பிட்டால் எல்லை 11இலிருந்து 8.6 டெசிபெலுக்கு இறங்குகிறது. 8 என்றால் 7.9, 16 என்றால் 7.4. ஒவ்வொரு சிம்பலுக்கும் ஓர் ஐ.எஃப்.எஃப்.டி. (சப்கேரியர் மதிப்புகளை நேரச் சிக்னலாக மாற்றும் கணக்கீடு) வேண்டும். முதல் மூன்று கூடுதல் ஐ.எஃப்.எஃப்.டி.க்கள் 2.4 டெசிபெல் தருகின்றன. 8இலிருந்து 16க்குப் போகச் சேர்க்கும் எட்டும் சேர்ந்து அரை டெசிபெல்தான் தருகின்றன. பி.டி.எஸ்.ஸில் நான்கு தொகுதி, நான்கு கட்டம் என்றால் நான்கே ஐ.எஃப்.எஃப்.டி. போதும், ஆனால் ஒவ்வொரு சிம்பலுக்கும் 64 சேர்க்கைகளைச் சோதிக்க வேண்டும்.

எந்தச் சிம்பலைப் பொறுக்கினோம் என்பதை ஏற்பிக்குச் சொல்ல வேண்டும். நான்கில் ஒன்று என்றால் 2 பிட் போதும் என்று கட்டுரைகள் எழுதும். சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஓர் ஆய்வகத்தில் அந்த 2 பிட்டையும் இரண்டு சப்கேரியர்களில் பாதுகாப்பின்றி வைத்தோம். கேபிள் வழியே எல்லாம் சரியாக வந்தது. ஆன்டெனாவை மாட்டி, ஒருவர் குறுக்கே நடந்ததும் சிம்பல்கள் கொத்துக் கொத்தாகச் சரிந்தன. அந்த 2 பிட்டில் ஒன்று தவறினால் 256 சப்கேரியர்களின் கட்டமும் ஒரே அடியாகத் தவறிவிடுகிறது, பிழை திருத்தும் குறியீடும் திணறுகிறது. கடைசியில் ஒவ்வொரு பிட்டையும் 8 சப்கேரியர்களில் திரும்பத் திரும்ப அனுப்பினோம். 2 பிட்டுக்கு 16 சப்கேரியர்கள், அதாவது பட்டையில் 6 விழுக்காடு. இந்தத் தகவலை அனுப்பாமல் ஏற்பியே ஊகிக்கும் வழிகளும் உண்டு. அப்போது ஏற்பியின் கணக்கீடு ஏறுகிறது.

இரு முனைகளும் உங்களுடையவை, சிக்னலில் சிறிதும் திரிபு கூடாது, சப்கேரியர்கள் சில நூறுதான் என்ற மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில் இவை நல்ல தேர்வு. பல சிக்னல்கள் கூடி ஒரே பெருக்கிக்குப் போகும் அடிநிலையத்தில் இவற்றுக்கு வேலை இல்லை.

## டோன் ஒதுக்கீடும் புள்ளி நீட்டிப்பும்

சில சப்கேரியர்களைத் தரவுக்குக் கொடுக்காமல் ஒதுக்கிவைத்து, உச்சத்துக்கு எதிரான அலையை அவற்றின் வழியே அனுப்புவது டோன் ஒதுக்கீடு. ஏற்பி அந்த சப்கேரியர்களைப் பார்க்காமல் விட்டால் போதும். செப்புக்கம்பி வழி இணையமான டி.எஸ்.எல்.லில் இது கிட்டத்தட்ட இலவசம். நீண்ட கம்பியில் தேய்ந்துபோய் எப்படியும் தரவுக்குப் பயன்படாத சப்கேரியர்கள் அங்கே இருக்கின்றன. வானலையில் அந்த வசதி இல்லை.

ஏ.சி.இ. எனப்படும் புள்ளி நீட்டிப்பு, கான்ஸ்டலேஷனின் (ஒரு சப்கேரியர் எடுக்கக்கூடிய மதிப்புகளைப் புள்ளிகளாகக் காட்டும் படத்தின்) வெளி ஓரப் புள்ளிகளை இன்னும் வெளியே தள்ளுவதன் மூலம் உச்சத்தைக் குறைக்கிறது. அவை மற்ற புள்ளிகளிடமிருந்து விலகித்தான் போவதால் ஏற்பிக்குத் தீங்கில்லை. சராசரித் திறன் மட்டும் சற்று ஏறும். க்யூ.பி.எஸ்.கே.யில் நான்கு புள்ளிகளும் ஓரத்தில் இருக்கின்றன. 64-க்வாமில் 28தான், 256-க்வாமில் 60தான். ஆகவே வேகம் ஏற ஏற இதன் கை கட்டப்படுகிறது.

2009இல் வெளியான டி.வி.பி-டி2 தொலைக்காட்சித் தரநிலை இந்த இரண்டையும் விருப்பத் தேர்வாகச் சேர்த்துக்கொண்டது. அங்கே டோன் ஒதுக்கீடு எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 1 விழுக்காடு சப்கேரியர்கள். 8கே முறையில் 72. புள்ளி நீட்டிப்பைச் சுழற்றிய கான்ஸ்டலேஷனோடு சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது. ஒரே பரப்பி பல இலட்சம் ஏற்பிகளுக்கு அனுப்பும்போது பரப்பியில் எவ்வளவு கணக்கீடு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், ஏற்பியைத் தொடக் கூடாது என்ற ஒலிபரப்பின் இயல்புக்கு இவை பொருந்துகின்றன.

## டி.எஃப்.டி. பரப்பல்: வேறு சிக்னலாகவே மாற்றுவது

தரவை சப்கேரியர்களில் வைக்கும் முன் ஒரு டி.எஃப்.டி. (ஃபூரியர் உருமாற்றம்) வழியே அனுப்பினால், வெளியே வருவது ஒற்றை ஊர்தி அலையின் குணம் கொண்ட, அதனால் உச்சம் குறைந்த சிக்னல். 4ஜியில் கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்குப் போகும் திசை முழுவதும் இதைத்தான் பயன்படுத்துகிறது. 5ஜி இதையும் சாதாரண ஓ.எஃப்.டி.எம்.மையும் வைத்துக்கொண்டு, சூழலுக்கு ஏற்ப மாறிக்கொள்கிறது.

கைப்பேசிக்கு இதன் மதிப்பு எவ்வளவு என்பதை 5ஜி தரநிலையே எண்ணால் சொல்கிறது. 23 டி.பி.எம்., அதாவது 200 மில்லிவாட் வகைக் கைப்பேசி, அலைவரிசையின் நடுப்பகுதியில் க்யூ.பி.எஸ்.கே. அனுப்பும்போது, டி.எஃப்.டி. பரப்பலில் திறனைச் சிறிதும் குறைக்க அனுமதி இல்லை; சாதாரண ஓ.எஃப்.டி.எம்.மில் 1.5 டெசிபெல் வரை குறைத்துக்கொள்ளலாம். ஓரப் பகுதியில் இவை முறையே 1, 3 டெசிபெல். கோபுரத்தின் எல்லையில் நிற்பவருக்கு 200 மில்லிவாட்டா, 140 மில்லிவாட்டா என்பது அழைப்பு நிற்குமா, அறுந்துபோகுமா என்பதையே முடிவு செய்துவிடும். இந்தத் திசையில் இன்னும் ஓர் அடி போவது, ஒரு முறையில் ஒரே பிட்டைச் சுமக்கும் பை/2 பி.பி.எஸ்.கே. என்ற வடிவம்; சென்னை ஐ.ஐ.டி., ஐதராபாத் ஐ.ஐ.டி. ஆய்வாளர்களின் பங்களிப்போடு உருவாகி, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்றுக்கொண்ட இந்தியாவின் 5ஜிஐ தரநிலை அதை முன்னிறுத்தியது. கிராமப்புறத்தில் ஒரு கோபுரத்தை வைத்தே பெரும் பரப்பை எட்ட வேண்டும் என்ற தேவைதான் அதன் பின்னணி.

செலவு ஏற்பியில் வருகிறது. சில அதிர்வெண்கள் மட்டும் ஆழமாகத் தேய்ந்த சூழலில், சமன்படுத்தும்போது அந்த இடங்களின் இரைச்சல் எல்லாத் தரவின் மீதும் பரவிவிடுகிறது. ஒரு பயனருக்குக் கொடுக்கும் சப்கேரியர்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. 5ஜியின் முதல் வெளியீட்டில் இந்த வடிவத்துக்கு ஒரே அடுக்கு (ஒரு நேரத்தில் ஒரே தரவு ஓடை) மட்டுமே அனுமதி. கோபுரத்திலிருந்து பல பயனர்களுக்கு அனுப்பும் திசையில், பலருடைய சிக்னல்கள் ஒரே ஆன்டெனாவில் கூடும்போது இதன் பலன் கரைந்துவிடும்.

## குறியீடுகள்

முதலில் பார்த்த நான்கு சப்கேரியர் எடுத்துக்காட்டில், −1களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும் எட்டு அமைப்புகளுக்கும் உச்சம் 2.5 டெசிபெல்தான். 3 பிட் தரவை 4 பிட்டாக்கி, இந்த எட்டு அமைப்புகளை மட்டும் அனுப்பும்படி குறியீடு அமைத்தால் வேலை முடிந்தது. டேவிஸும் ஜெட்வாபும் 1999இல் உச்சம் குறைந்த கோலே தொடர்களைப் பிழை திருத்தும் ரீட்-முல்லர் குறியீடுகளோடு இணைத்து, உச்சம் ஒருபோதும் 3 டெசிபெலைத் தாண்டாத குறியீடுகளைக் காட்டினார்கள். கணித அழகில் இந்தத் துறையில் இதற்கு இணை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் சூத்திரத்தின்படி க்யூ.பி.எஸ்.கே.யில் 16 சப்கேரியர்கள் என்றால் 32 பிட் இடத்தில் 13 பிட் போகும். 256 சப்கேரியர்கள் என்றால் 512 பிட் இடத்தில் 32 பிட்தான். பத்துப் பதினாறு சப்கேரியர்களுக்கு மேல் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. கட்டுப்பாட்டுச் செய்தி, ஒத்திசைவு முன்னுரை போன்ற சிறிய, பழுதுபடக் கூடாத பகுதிகளுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| முறை | ஏற்பியில் மாற்றம் | பட்டை இழப்பு | திரிபு | முதலில் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| கிளிப்பிங், துடிப்புக் கழித்தல் | வேண்டாம் | இல்லை | உண்டு | பக்கத் தெறிப்பு, உச்சம் மீண்டும் வளர்தல் |
| எஸ்.எல்.எம்., பி.டி.எஸ். | வேண்டும் | தேர்வுத் தகவல் | இல்லை | தேர்வுத் தகவல் தவறினால் சிம்பலே போகும் |
| டோன் ஒதுக்கீடு | மிகக் குறைவு | ஒதுக்கிய சப்கேரியர்கள் | இல்லை | கூடுதல் திறன், பல சுற்றுக் கணக்கீடு |
| புள்ளி நீட்டிப்பு | வேண்டாம் | இல்லை | தீங்கற்றது | உயர் க்வாமில் பலன் குறைவு |
| டி.எஃப்.டி. பரப்பல் | வேண்டும் | இல்லை | இல்லை | சமன்படுத்தலில் இரைச்சல், ஒதுக்கீட்டுக் கட்டுப்பாடு |
| குறியீடு | வேண்டும் | மிக அதிகம் | இல்லை | சப்கேரியர் கூடக் கூட வேகம் சரிதல் |

## கேட்ட இருவருக்கும்

அடிநிலையம் செய்பவருக்கு என் பதில் தயக்கமில்லாதது: துடிப்புக் கழித்தல், அதன் பிறகு முன்திருத்தம். ஏற்பிகள் அவர் கையில் இல்லை, இரண்டு சிக்னல்கள் ஒரே பெருக்கியில் கூடுகின்றன, அவருடைய கருவி 256-க்வாம் அனுப்பியாக வேண்டும். எல்லையை 7.5 டெசிபெலில் தொடங்கி, பிழையையும் பக்கக் கசிவையும் சேர்த்து அளந்தபடி இறக்கட்டும். 256-க்வாம் இல்லாத நேரங்களில் எல்லையை இன்னும் கீழே கொண்டுபோகும் வசதியை இப்போதே வடிவமைப்பில் விட்டுவைத்தால், பின்னால் மின்கட்டணத்தில் அது தெரியும்.

மாணவியின் நிலை வேறு. அவருடைய வரைபடத்தில் மிகவும் இடப்பக்கம் இருந்தது 16 சிம்பல் எஸ்.எல்.எம். ஆனால் அவர் அனுப்புவது வயலில் இருக்கும் உணரிகளின் அளவீடுகள், க்யூ.பி.எஸ்.கே.யில், மின்கலத்தில் ஓடும் பலகையிலிருந்து; இரண்டு பலகைகளும் அவருடையவையே. இதற்கு டி.எஃப்.டி. பரப்பலைத்தான் முதலில் முயன்று பார்க்கச் சொன்னேன். அனுப்பும் பக்கம் ஒரு டி.எஃப்.டி.யும் பெறும் பக்கம் அதன் தலைகீழும் மட்டுமே கூடுகின்றன. தேர்வுத் தகவல் என்ற தலைவலியே இல்லை. அதன் மேல் 5.5 டெசிபெலில் மெல்லிய கிளிப்பிங்கையும் வைத்துப் பார்க்கலாம், பிழை இருப்பு தாராளமாக இருக்கிறது. வரைபடத்தை நான்கு மடங்கு வீதத்தில் மீண்டும் எடுத்து, கிடைமட்ட அச்சில் டெசிபெலுக்குப் பதிலாக, பலகைக்குள் போகும் மின்சாரத்தை, ஒரே பிழை வீதத்தில், மில்லியாம்பியரில் குறிக்கும்படியும் கேட்டிருக்கிறேன்.